வேட்டைச் சாமானுக்குக் காசு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கொய்யாக் கவட்டை, சைக்கிள் டியூப் வார், பழைய செருப்பிலிருந்து வெட்டிய தோல். உண்டிவில் செய்யப் பத்துப் பைசா செலவில்லை. டார்ச், கண்ணிக் கம்பி, ஏர்கன் என்று ஆசை ஏறும்போதுதான் பையனுக்குக் காசு தேவைப்படுகிறது. பசு லட்சுமிக்கும், மானுக்கும், காகத்துக்கும், நாய்க்கும் சமாதி எழுப்பிய திருவண்ணாமலை ரமணாசிரமத்தை ஒட்டிய தெருக்களில் வளரும் பிள்ளைக்கும் மலையைப் பார்த்தால் இந்த ஆசை வரலாம். சொந்தமாகச் சம்பாதிக்க வேண்டும், காட்டுக்குள் போக வேண்டும் என்பவை நல்ல ஆசைகள். அவற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும் தவறான நம்பிக்கைகளைத்தான் களைய வேண்டும்.

நம்பிக்கை: புலி, யானையைக் கொன்றால்தான் குற்றம். முயல், கௌதாரி அடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

உண்மை: காட்டு முயல், கௌதாரி, காட்டுக் காடை எல்லாமே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. கொல்வது மட்டும் வேட்டை இல்லை. கண்ணி வைப்பது, துரத்துவது, அதற்கு முயல்வது, கூட்டைக் கலைத்து முட்டை எடுப்பது எல்லாமே வேட்டைதான். பொதுவாக 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். மயில், உடும்பு போன்ற முதல் பட்டியல் உயிர்கள் என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ஓட்டலில் கிடைப்பது பண்ணையில் வளர்த்த ஜப்பானியக் காடை. அதைக் காரணம் காட்டிக் காட்டுக் காடையைப் பிடிக்க முடியாது.

நம்பிக்கை: ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம், அதனால் சுடலாம்.

உண்மை: சக்தி குறைந்த வகைகளுக்கு உரிமம் தேவையில்லைதான். ஆனால் அதே துப்பாக்கியால் ஒரு கௌதாரியைக் குறிவைத்தாலும் வேட்டைக் குற்றம்தான். அருணாசலப் பிரதேசத்தில் 2021இல் அரசே ஏர்கன் ஒப்படைப்பு இயக்கம் தொடங்கியது; ஊர் ஊராக மக்கள் துப்பாக்கிகளைத் தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். குறிபார்ப்பதில் ஆசை இருந்தால் பள்ளி என்.சி.சி.யில் சேரலாம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான் உலகக் கோப்பைத் தங்கம் வென்றார்.

நம்பிக்கை: சின்னப் பையன், கேஸ் வராது.

உண்மை: 18 வயது நிறையாதவரைச் சிறைக்கு அனுப்ப மாட்டார்கள். ஆனால் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்க வேண்டும். கையிலிருந்த கருவி பறிமுதலாகும். கூட வந்த பெரியவருக்கு முழுத் தண்டனையும் உண்டு.

நம்பிக்கை: பௌர்ணமிக் கூட்டத்தில் ஒரு ராத்திரி நின்று விற்றால் வேண்டிய காசு வந்துவிடும்.

உண்மை: கிரிவலப் பாதையில் வியாபாரம் சூடுபிடிப்பதே இருட்டிய பிறகுதான். சட்டமோ இரவு 7 முதல் காலை 8 வரை பிள்ளைகளை வேலையில் நிறுத்தக் கூடாது என்கிறது. 14 வயது நிறையாதவரைக் கூலிக்கு வைத்தால், வைத்தவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். பள்ளி விட்டு வந்ததும் அம்மாவுக்குப் பூக்கட்டிக் கொடுக்கலாம், ஆனால் அது உதவி, கூலி இல்லை. அந்த வயதில் பொங்கல் காசு, பழைய நோட்டுகளை எடைக்குப் போட்ட பணம், ஓவியப் போட்டிப் பரிசு ஆகியவைதான் சேமிப்பு. 14 முடிந்தால், கோடை விடுமுறையில் ஜெராக்ஸ் கடையிலோ புத்தகக் கடையிலோ பகலில் வேலை பார்க்கலாம். ஆபத்தான வேலை கூடாது. ஒரு நாளுக்கு 6 மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது.

நம்பிக்கை: வேட்டைக்காரக் கண் வேறு எதற்கும் உதவாது.

உண்மை: தோலுக்காகப் பாம்பு பிடித்துவந்த இருளர்களின் பிழைப்பு 1972 சட்டத்தோடு அடிபட்டது. 1978இல் அவர்களுக்காகப் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் நடந்துவருகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை அரசு அனுமதியோடு பிடித்து, விஷம் எடுத்து, மீண்டும் விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடி மருந்து அந்த விஷத்திலிருந்துதான் வருகிறது. தடம் பார்த்தே பாம்பைக் கண்டுபிடிக்கும் அந்தத் திறமைக்காக மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அதே கூர்மையான கண் உங்கள் பிள்ளைக்கும் இருக்கலாம். காசு சேர்க்க வழி கேட்டால் அதட்டாதீர்கள். 10 வயது நிறைந்தவர் தன் பெயரிலேயே அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு வைத்துத் தானே நடத்தலாம். கூட்டிப் போய்த் தொடங்கிக் கொடுங்கள். அதில் சேரும் பணத்தில் முதலில் ஒரு பைனாகுலர் வாங்கட்டும். பொங்கலையொட்டித் தமிழகப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பில் பள்ளிப் பிள்ளைகளும் சேரலாம். எந்தப் புதரில் கௌதாரி கத்துகிறது என்று கண்டுபிடிக்கும் பிள்ளை அங்கே எல்லாருக்கும் வேண்டிய ஆள்.