ஓடுகிறவன் மடியில் ஓர் உருண்டை

முக்கூடல்,
வெள்ளிக்கிழமை.

அன்புப் பேரனுக்கு ஆச்சி எழுதுவது. 

போலீஸ் வேலைக்காக ஓடிப் பழகுகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டுமாமே. நன்றாக ஓடு ராசா. ஆனால் தெம்புக்கு என்று பளபளப்புக் காகிதத்தில் சுற்றிய கட்டி ஒன்றை தினமும் காசு கொடுத்து வாங்குகிறாயாம். போன தடவை நீ விட்டுப்போன உறையை உன் தங்கை எனக்குப் படித்துக் காட்டினாள். கடலை, எள், ஓட்ஸ், சர்க்கரைப் பாகு. பாகில் பருப்பைப் பிடித்து வைப்பது நம் வீட்டுக்குத் தெரியாததா?

நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்களுக்கு என் அம்மா பொரிவிளங்காய் உருண்டை பிடிப்பாள். புழுங்கலரிசி, சிறுபயறு, கடலைப்பருப்பு எல்லாம் தனித்தனியே சிவக்க வறுத்துத் திரித்து, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டு, கொதிக்கிற வெல்லப்பாகை ஊற்றி, கை பொறுக்கிற சூட்டிலேயே பிடித்துவிட வேண்டும். கல்லாட்டம் இருக்கும். ஈரம் இல்லாததால் வாரக்கணக்கில் கெடாது. மடியில் முடிந்துகொண்டு போய் வரப்பில் உட்கார்ந்து கடிப்பார்கள். வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த நாங்கள் கேட்டால் தரமாட்டாள். வயலுக்கு இறங்குகிறவர்களுக்குத்தான் அது.

அறையில் தனியாக இருக்கிற உனக்குக் கடலை மிட்டாய்தான் தோது. கால் கிலோ கடலையை சிறு தீயில் வறுத்துத் தோலை ஊதிவிடு. கருத்தது, சுருங்கியது, பூஞ்சை பிடித்தது ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது. அந்தப் பூஞ்சை ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் அதன் நஞ்சு முழுக்கப் போகாது. பாதி அளவு, 125 கிராம் வெல்லம் போதும். மஞ்சளாக மின்னுவதை வாங்காதே, கருத்த வெல்லமாகப் பார். கொஞ்சம் தண்ணீரில் கரைத்து மண் போக வடிகட்டிவிட்டுக் காய்ச்சு.

பாகில்தான் எல்லாமே இருக்கிறது. கம்பிப் பதம் போதாது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்க வேண்டும், ஒடித்தால் படக்கென ஒடிய வேண்டும். கல்யாணமான புதிதில் நான் அவசரப்பட்டு இறக்கி, இரண்டு படி கடலையும் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. மாமியார் ஒன்றும் சொல்லாமல் மறுபடி அடுப்பில் ஏற்றினார். அன்றிலிருந்து ஓசை கேட்காமல் நான் இறக்கியதே இல்லை. கடலையைக் கொட்டிக் கிளறி, நெய் தடவிய தட்டில் பரப்பி, சூட்டோடு கத்தியால் கோடு போட்டுவிடு. ஆறின பிறகு வெட்டினால் நொறுங்கும்.

சத்துணவு மையத்தில் இத்தனை வருஷம் அளந்து போட்டவள் சொல்கிறேன், அளவைக் கேட்டுக்கொள். 40 கிராம் துண்டில் ஏறக்குறைய 200 கலோரி இருக்கும், 6 கிராமுக்குக் கொஞ்சம் மேல் புரதம் இருக்கும். ஓடுவதற்கு முன் இதைத் தின்னாதே. கடலையில் எண்ணெய் அதிகம், வயிற்றில் கிடக்கும். ஒரு மணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழம் போதும். 7 நிமிஷ ஓட்டத்துக்கு வேண்டியது உடம்பிலேயே சேர்ந்திருக்கும். ஓடி முடித்த பிறகு, உப்புப் போட்ட நீராகாரத்தோடு ஒரு துண்டு தின்னு. ஓடாத நாளில் டப்பாவைத் திறக்காதே. வெல்லமானாலும் உடன்குடிக் கருப்பட்டியானாலும் அது இனிப்புதான், உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஆகாது.

செய்ய நேரமில்லாத வாரம் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் வாங்கிக்கொள். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், குறைந்ததில்லை.

உன் மாமா சனிக்கிழமை அங்கே வருகிறார். அவர் கையில் ஒரு டப்பா பொரிவிளங்காய் கொடுத்துவிடுகிறேன். அது தீர்வதற்குள் நீயே ஒரு தட்டு கடலை மிட்டாய் போட்டுப் பார்த்து, பாகு எப்படி வந்தது என்று எனக்கு எழுது.

ஆச்சி