காலை ஆகாரத்துக்கு ஒரு பழக்கிண்ணம்

ஸ்மூத்தி என்று குடிப்பதற்காக அரைக்கும் பழக்கூழையே, கரண்டியால் எடுத்து உண்ணும்படி கெட்டியாக்கிக் கிண்ணத்தில் இடுவதுதான் இந்தப் பதார்த்தத்தின் விசேஷம். அந்தக் கெட்டி ஐஸ் கட்டியால் வருவதன்று, தோலில் கரும்புள்ளி விழும்வரை கனிந்த வாழைப்பழங்களை உரித்து, வில்லைகளாக நறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி, முதல்நாள் இரவே ஃப்ரீசரில் வைத்துவிடுவதால் வருவது. காலையில் அவ்வில்லைகளில் ஒரு கோப்பை எடுத்து, மிக்ஸியின் பிளேடுக்குச் சிரமமில்லாதபடி 5 நிமிஷம் வெளியில் வைத்தபின், அரைக் கோப்பை மாம்பழமோ சப்போட்டாவோ, ஒரு மேஜைக்கரண்டி நிலக்கடலை வெண்ணெய் ஆகியவற்றோடு சேர்த்து, பாலை 3, 4 மேஜைக்கரண்டிக்கு மேற்படாமல் சிறிது சிறிதாக ஊற்றி, விட்டு விட்டு அரைக்க வேண்டும். பாலில் தாராளம் காட்டினால் கிடைப்பது மில்க் ஷேக்தான்.

கடலை வெண்ணெயைக் கடையில் வாங்குவது அநாவசியம் என்பது என் அபிப்பிராயம். வறுத்துத் தோல் நீக்கிய கடலையை அரைத்தால் முதலில் மாவாகும், பிறகு திரண்டு ஜாரின் ஓரத்தில் அப்பிக்கொள்ளும். அந்நிலையில் தண்ணீர் விடும் சபலத்துக்கு இடங்கொடாமல், வழித்துவிட்டு, மிக்ஸியைச் சற்று ஆறவிட்டு மேலும் சுற்றினால், தன் எண்ணெயைத் தானே கக்கி மினுமினுப்பாக இளகிவிடும்.

மேலே தூவுவதற்கு மாதுளை முத்து, வறுத்த பாதாம், தேங்காய்த் துருவல், எது கைவசம் உண்டோ அது. சர்க்கரை வேண்டாம். அரைத்த உடனே உண்பது உத்தமம்.