தோளைக் குலுக்காத ஊர்

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய அனிமேஷன் ஷாட்டைப் பார்த்தேன். ஆபீஸில் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கால் எங்கும் வழுக்கவில்லை, அசைவு எங்கும் வெட்டவில்லை. இரண்டாம் வருஷத்தில் இது பெரிய விஷயம். ஆனால் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு 'எனக்குத் தெரியாது' என்று சொல்கிறானே உன் ஆள், அப்போது இரண்டு தோளையும் காதுவரை ஏற்றி, உள்ளங்கைகளை விரித்துக் காட்டுகிறான். திருச்செங்கோட்டில் யாராவது அப்படிச் செய்து பார்த்திருக்கிறாயா? உன் அப்பா செய்வாரா? அவர் உதட்டைப் பிதுக்கி, ஒரு கையை மணிக்கட்டோடு திருப்புவார். 'ப்ச்' என்று ஒரு சத்தம் வரும். அதற்குள் பார்வை வேறெங்கோ போயிருக்கும்.

அந்தத் தோள் குலுக்கல் அமெரிக்கப் படங்களிலிருந்து உனக்கு வந்தது. அல்லது அந்தப் படங்களைப் பார்த்து யாரோ ஒரு மாணவர் வேலை தேடுவதற்காகத் தொகுத்த ஷோரீலிலிருந்து வந்தது. ஷோரீல் பார்த்து ஆள் எடுக்கிற வேலையை நானும் செய்திருக்கிறேன். அசைக்கத் தயாராகக் கிடைக்கும் ஒரே இலவச ரிக் உருவம், ஒரே தோள் குலுக்கல், ஒரே புருவத் தூக்கல். கோவையிலிருந்து வந்ததா, கான்பூரிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது. பாதியிலேயே மூடிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம்.

நீ பார்த்து வளர்ந்த அந்தப் படங்களை எடுத்தவர்கள் இப்படிச் செய்யவில்லை. 1942-ல் வந்த 'பாம்பி' படத்துக்காக டிஸ்னி ஸ்டுடியோவில் உயிருள்ள மான்குட்டிகளையே கொண்டுவந்து வைத்துப் பார்த்து வரைந்தார்கள். அதில் வேலை செய்த கிளேர் வீக்ஸ் 1956-ல் பம்பாய்க்கு வந்து, மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவில் நம் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அங்கே உருவான 'தி பேனியன் டீர்' புத்த ஜாதகக் கதை. அதுவும் மான்தான், பார்த்துக்கொள். அவரிடம் கற்ற ராம் மோகன் பிற்காலத்தில் ஜப்பானியர்களோடு சேர்ந்து ராமாயணத்தையே அனிமேஷன் படமாக்கினார். இந்தியாவில் இந்தத் தொழிலுக்கு வேர் என்று ஒன்று இருந்தால், அது பார்த்து வரைவதில்தான் இருக்கிறது.

எதைப் பார்ப்பது என்று கேட்பாய். நாமக்கல் பக்கம் ஏதாவது ஒரு கோழிப்பண்ணையில் முட்டை ஏற்றும் நேரத்தில் போய் நில். ஒரு ட்ரேயில் 30 முட்டை. ஏழு ட்ரேயை அடுக்கினால் 210, கிட்டத்தட்ட 12 கிலோ. அந்த அடுக்கோடு லாரிக்கு நடப்பவரைக் கவனி. சாதாரண நடையில் ஒரு எட்டு வைக்க 12 ஃப்ரேம் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இவர் எட்டு அதைவிட மெதுவாகவும் சின்னதாகவும் இருக்கும். குதிகால் தரையில் அடிக்காது. முட்டி எப்போதும் கொஞ்சம் மடிந்தே இருக்கும், ஆட்டத்தையெல்லாம் அது வாங்கிக்கொள்ளும். அசைவைக் கோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் அவர் இடுப்பின் கோட்டைப் போட்டால் ஏற்ற இறக்கமே தெரியாது. லாரியில் நிற்பவரிடம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம். அவர் பிடித்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் விரல்கள் ஒவ்வொன்றாக விலகும். அப்புறம் தோள் இறங்கும், கை லுங்கியில் துடைத்துக்கொள்ளும்.

அதே ஆள் கொஞ்ச நேரம் கழித்து 50 கிலோ தீவன மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு வருவார். இப்போது பாதி ஓட்டம். குனிந்த தலை, திறந்த வாய், தடதடவென்று கால். எடை கூடினால் நடை மெதுவாகும் என்றுதானே நாம் பாடம் படிக்கிறோம்? அங்கே நேர் எதிராக நடக்கிறது. மூட்டை விழுந்தால் மூட்டைதான், சீக்கிரம் இறக்கினால் போதும். முட்டை விழுந்தால் கூலியில் பிடிப்பார்கள். கையில் இருப்பதை அவர் என்னவாக நினைக்கிறார் என்பதுதான் நடையில் வருகிறது. உன் ஷாட்டில் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? நீயே முடிவு செய்யவில்லை. அதனால்தான் அவன் வெறும் பெட்டியைத் தூக்கி வருகிறான்.

பார்க்க இன்னொன்றும் இருக்கிறது. கோயில் பண்டிகைக்கு விடிய விடியக் கூத்து நடந்தால், மூன்று மணிக்குத் தூக்கம் வருகிறது என்று எழுந்து போய்விடாதே. இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னால் வருகிற துரியோதனனுக்கு முதலில் கிரீடத்தின் உச்சியும் சலங்கைக் காலும்தான் தெரியும். முகத்தைக் காட்ட எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறான் என்று பார். எந்த அனிமேஷன் புத்தகத்தைவிடவும் அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

இப்போது பணக் கணக்கு. உன் சித்தி பையனும் இதே படிப்புக்கு வரப்போகிறான் என்று எழுதியிருந்தாய். 'நூறு சதவீதம் வேலை உறுதி' என்று போர்டு வைத்த இடத்தில் லட்சக்கணக்கில் கட்டுவதற்கு முன், போன வருஷ மாணவர்களின் ஷோரீலைக் காட்டச் சொல்லட்டும். மழுப்பினால் வெளியே வந்துவிடலாம். சென்னை தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷனுக்கே பட்டப்படிப்பு இருக்கிறது. முதலில் அதற்கு விண்ணப்பம் போடட்டும்.

வேலை என்று முதலில் வரப்போவது கேரக்டர் அனிமேஷன் இல்லை. பெரும்பாலும் ரோட்டோ. ஃப்ரேம் ஃப்ரேமாக ஒருவரைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டி எடுக்கிற வேலை. வாடகைக்காக ஒரு வருஷம் செய், தப்பில்லை. அதற்குமேல் இருந்தால் கை அதற்கே பழகிவிடும். பெரிய பெயருள்ள கம்பெனி என்பதையும் முழுதாக நம்பாதே. 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் 2013-ல் ஆஸ்கர் வாங்குவதற்குச் சில நாட்கள் முன்னால்தான் திவால் மனு கொடுத்தது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் மூடியபோது பெங்களூரில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அப்பா கேட்பார், கையில் பதில் இருக்கட்டும்.

ஏஐ வந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தாய். 2000-ல் சென்னையின் பெண்டாமீடியா, முழுக்க மோஷன் கேப்சரிலேயே 'சிந்துபாத்' படத்தை எடுத்தது. 2014-ல் அதே முறையில் 'கோச்சடையான்' வந்தது. ஆளை நடக்கவிட்டுப் பதிவு செய்தால் போதும், அனிமேட்டர் எதற்கு என்ற பேச்சு அப்போதும் எழுந்தது. பதிவு செய்த அசைவை உட்கார்ந்து சரி செய்ய அனிமேட்டர்தான் வேண்டியிருந்தது. இந்தமுறை ரோட்டோ மாதிரி வேலைகள் முதலில் போகும் என்றுதான் எனக்குப் படுகிறது. அதனாலும்தான் நடிப்பைக் கற்றுக்கொள் என்கிறேன்.

சென்னையில் இல்லையே என்று இரண்டு இடத்தில் புலம்பியிருக்கிறாய். உன் ஊர்க்காரர் டி.ஆர். சுந்தரம் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கு மேல் படம் எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் அங்கிருந்துதான் வந்தது. அது பழைய கதை என்பாய். சரி, 2025-ல் ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ' அனிமேஷன் படத்தை எடுத்துக்கொள். பிரான்ஸ், பெல்ஜியம் கூட்டுத் தயாரிப்பு என்றாலும், இயக்குநர் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் லாட்வியாக்காரர். அந்த நாட்டு ஜனத்தொகையே சேலம் மாவட்டத்தைவிடக் குறைவு. செய்தது பிளெண்டர் மென்பொருளில், காசில்லாமல் இறக்கிக்கொள்ளும் அதே பிளெண்டர். படத்தில் ஒரு வசனம்கூடக் கிடையாது. பூனை பூனையாகவே நடக்கிறது, அவ்வளவுதான். உன் லேப்டாப்பில் பிளெண்டர் ஓடுகிறது. காசு கொடுத்து வாங்க வேண்டிய மாயா மென்பொருளுக்கு லைசென்ஸ் இல்லை என்று இனி எழுதாதே.

டேப்லட் வாங்குவதைத் தள்ளிப் போடு. 3டி-க்கு அது கட்டாயமில்லை, நோட்டும் பென்சிலும் போதும். பண்ணைக்குப் போனால் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு போனில் வீடியோ எடு. முகம் வேண்டாம், கழுத்துக்குக் கீழே எடுத்தால் போதும். அப்புறம் அந்த ஷாட்டை முதலிலிருந்து செய். பெட்டியில் என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்லாதே, நான் கண்டுபிடிக்கிறேனா பார்ப்போம். முக்கிய நிலைகளை மட்டும் வைக்கும் ப்ளாக்கிங்கோடு நிறுத்தி அனுப்பு. இடையசைவுகளை நிரப்பும் ஸ்ப்லைனுக்குப் போய்விட்டால் மாற்றச் சொன்னாலும் உனக்கு மனசு வராது.