பல்லுருவக் கட்டி

மக்கள் மூளையில் எழும் கட்டிகளுள் கிளியோபிளாஸ்டோமா என்பது மிகக் கொடியது. நரம்பணுக்களைத் தாங்கிக் காக்கும் துணையணுக்களின் இனத்தைச் சார்ந்தது இது. அமெரிக்க அறிஞராகிய பெய்லியும் குஷிங்கும் 1926-ஆம் ஆண்டில் மூளைக் கட்டிகளை வகைப்படுத்திய காலத்து, இதனை 'மல்டிபார்மி' என்னும் அடைமொழியோடு குறித்தனர். பல உருவம் உடையது என்பது அதன் பொருள். இற்றை நாள் வகைப்பாட்டில் அவ்வடைமொழி நீங்கிற்றாயினும், அது சுட்டிய உண்மை நீங்கிற்றில்லை. அப்பன்மையே மருத்துவத்தை வெல்லும் படையாக நிற்கின்றது. அஃதெவ்வாறு என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கட்டியை அறுத்தெறிந்தால் நோய் தீராதோ எனின், தீராது. வால்டர் டேண்டி என்னும் அறுவை மருத்துவர், நோயாளர் சிலருக்கு மூளையின் வலப் பாதியையே அகற்றியதாக 1928-இல் எழுதினார். அங்ஙனஞ் செய்தும் நோயை வேரறுக்க இயன்றிலது. கண்ணுக்குப் புலனாகும் எல்லையைக் கடந்து, தீய அணுக்கள் நல்ல மூளையினூடே முன்னரே பரந்து விடுகின்றன. ஆதலின் அறுவைக்குப்பின் கதிர்வீச்சும் மருந்தும் வேண்டப்படுகின்றன.

எஞ்சிய அணுக்கள் யாவும் ஒரு தன்மையவாயின், ஒரு மருந்தே அவற்றையெல்லாம் அழித்தல் கூடும். ஆனால் அவை ஒரு தன்மையவல்ல. 2014-இல் ஐந்து நோயாளரின் கட்டிகளினின்று 430 அணுக்களைத் தனித்தனியே ஆராய்ந்தோர், ஒரே கட்டிக்குள் பல்வேறு இயல்பினவாகிய அணுக்கள் கலந்துறையக் கண்டனர். 2019-இல் வெளிவந்த ஆராய்ச்சி, அவ்வியல்புகளை நால்வகை நிலைகளாக வகுத்ததோடு, அணுவொன்று ஒரு நிலையினின்று மற்றொன்றிற்கு மாறவும் வல்லது எனக் காட்டிற்று.

இலக்கணம் பயில்வார்க்கு இஃது எளிதில் விளங்கும். 'செய்' என்னும் பகுதி ஒன்றே. அது செய்தான், செய்கின்றாள், செய்வர் எனப் பலவாகின்றது. அவ்வாறே மரபணுத் தொகுதி ஒன்றாயினும், அதனுள் எப்பகுதி தொழிற்படுகின்றது என்பதற்கேற்ப அணுவின் இயல்பு வேறாகின்றது. இனி, 'வா' என்னும் பகுதி 'வந்தான்' என்புழிக் குறுகுதல் போல, மரபணுவே திரிதலும் உண்டு. இவ்விருவகை மாற்றமும் இக்கட்டியினுள் ஒருங்கே நிகழ்கின்றன.

இதனால் விளையும் தீங்கு யாது? டெமோசோலமைடு என்னும் மருந்து அணுவின் மரபுப்பொருளைச் சிதைத்து அதனைக் கொல்வது. எம்.ஜி.எம்.டி. என்னும் புரதம் மிகுந்த அணுக்களோ அச்சிதைவைச் செப்பனிட்டுக் கொள்கின்றன. மூலவணு போன்ற இயல்புடையன சில, கதிர்வீச்சால் நேரும் ஊறுபாட்டையும் விரைந்து திருத்திக் கொள்ளும் என்பது 2006-இல் வெளியாயிற்று. எனவே சிகிச்சையால் மெலியன மடிய, வலியன எஞ்சிப் பெருகுகின்றன. மீண்டெழுங் கட்டி பண்டைக் கட்டியே போன்று தோன்றினும், அதன் குடிகள் வேறு.

கட்டிகள் சிலவற்றில் மட்டும் காணப்படும் திரிந்த புரதமொன்றைக் குறிவைத்து ஒரு தடுப்பூசி ஆக்கப்பட்டது. அதனால் நோயாளரின் வாழ்நாள் நீளவில்லை என்பது 2017-இல் வெளியாயிற்று. நோய் மீண்டபோது ஆராய, பலரிடத்தும் அக்குறியே மறைந்திருந்தது. அவ்வூசி பெறாதாரிடத்தும் அங்ஙனமே மறைந்திருந்தமை வியப்பிற்குரியது. இலக்குத் தானே ஓடி ஒளியுமாயின், கூரிய அம்பால் யாது பயன்?

ஆயினும் மருத்துவர் உழைப்பு வறிதாயிற்றென்று எண்ணற்க. 2005-இல் 573 நோயாளரைக் கொண்டு நிகழ்ந்த ஆராய்ச்சியில், கதிர்வீச்சு மட்டும் பெற்றாருள் நூற்றுக்குப் பதின்மரே ஈராண்டு கடந்து வாழ, டெமோசோலமைடும் உடன் பெற்றாருள் இருபத்தறுவர் வாழ்ந்தனர். வாழ்நாளின் இடைநிலை அளவு 12.1 திங்களினின்று 14.6 திங்களாக உயர்ந்தது. இரண்டரைத் திங்கள் சிறிதென்பார் உளராயின், அதனை நோயாளரின் இல்லத்தாரிடம் வினவுக.

ஆகவே பகை ஒன்றன்று, பல என்பதும், அதுவும் நிலைமாறும் பகை என்பதும் தெளிவாம். பல வழியால் ஒருங்கே தாக்கும் கூட்டு மருத்துவமும், நிலைமாற்றத்தையே தடுக்கும் வழியும் இன்று ஆராயப்படுகின்றன. பகைவனை உள்ளவாறு அறிதலே வெற்றியின் முதற்படி. அப்படியில் அறிஞர் கால் வைத்துவிட்டனர்.