இல்லத்து உறவும் இளையோர் இணையப் பழக்கமும்



பிள்ளை இணையத்தில் அளவிறந்து மூழ்கினால் நாம் முதலில் பழிப்பது கைபேசியை. அடுத்துப் பழிப்பது பிள்ளையை. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது இல்லத்து உறவு. அதனை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

முதற்கண் சொல்லின் பொருளைத் தெளிவோம். நெடுநேரம் இணையத்தில் இருத்தல் மட்டுமே நோயாகாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைப்படுத்திய நோய்ப் பட்டியலில் மின்விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றுள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற கடமைகளினும் அதனையே மேலாகக் கொள்ளுதல், தீங்கு நேர்ந்த பின்னும் தொடர்தல் என்பன அதன் குறிகள். இவை பொதுவாக ஓராண்டேனும் நீடித்திருத்தல் வேண்டும். எனவே, விடுமுறையில் இரவெல்லாம் படம் பார்த்த சிறுவனை அடிமை என்று முத்திரை குத்துதல் முறையன்று.

இனி, திருப்பெரும்புதூர்–ஒரகடம் பகுதியை நோக்குவோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனால்ட்–நிஸ்ஸான் ஆலை எழுந்தது. ஏரியும் வயலுமாயிருந்த ஊர்கள் ஷிப்டு நேரத்திற்கு இயங்கத் தலைப்பட்டன. பிற்பகல் ஷிப்டுக்குத் தந்தை புறப்படும்போது மகன் பள்ளியில் இருப்பான். அவர் திரும்பும்போது உறங்கியிருப்பான், அல்லது போர்வைக்குள் திரையொளியோடு விழித்திருப்பான். அனைவரும் ஒருங்கே உண்ணும் வழக்கம் இத்தகைய இல்லங்களில் நிலைபெறுதல் எளிதோ? பெருந்தொற்றுக் காலத்தில் பாடமே கைபேசி வழியாக வந்தமையால், அதனை மறுக்கும் வாய்ப்பும் பெற்றோர்க்கு இல்லாது போயிற்று.

இங்கே பெற்றோர் கையாளும் முதற் கருவி தடையே. நெதர்லாந்து நாட்டு இளையோரைத் தொடர்ந்து நோக்கி 2010-இல் வெளியான ஓர் ஆய்வு வேறு விதமாகக் கூறுகிறது. இணையம் பற்றிப் பிள்ளையோடு மனங்கொள்ளப் பேசுதல், கட்டுமீறிய பழக்கம் வராது காக்க உதவக்கூடும். நேரத்திற்கு விதிக்கும் கடுந்தடையோ அதனை வளர்க்கவும் கூடும் என்பது அதன் முடிவு. எத்தனை முறை பேசினோம் என்பதினும் எவ்வாறு பேசினோம் என்பதே முதன்மையாயிற்று. பழக்கம் முற்றிய பிள்ளைகளிடம் பெற்றோர் அதுபற்றிப் பேசுவதே குறைந்துபோதலையும் அவ்வாய்வு கண்டது. ஆகலின் உறவின் தளர்ச்சி பழக்கத்திற்குக் காரணமாகலாம். பழக்கமும் உறவைத் தளர்த்தலாம். எது முந்தியது என்று வழக்காடுவதால் வீட்டிற்குப் பயனில்லை.

மற்றொரு சாராரும் உளர். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர் தங்குதற்குரிய விடுதி திறக்கப்பட்டது. ஆலைப் பணிக்கு வரும் பெண்களுள் பதினெட்டு, பத்தொன்பது வயதினரும் உண்டு. தொலைவிலுள்ள ஊரைவிட்டு வந்தவளுக்குக் கைபேசியே தாயின் குரல். தம்பியின் தேர்வு மதிப்பெண்ணும் பாட்டியின் உடல்நிலையும் அதன் வழியேதான் வருகின்றன. மணிக்கணக்கை மட்டும் எண்ணினால் இவளும் ஆட்டத்தில் ஆழ்ந்த சிறுவனும் ஒன்றாகவே தோன்றுவர். இவளிடமிருந்து கைபேசியைப் பறித்தல் குடும்பத்தையே பறித்தலாகும். ஆயினும் வீட்டுச் செய்தி முடிந்தபின் உறக்கம் கெடும்வரை திரையைத் தள்ளிக்கொண்டிருந்தால், மறுநாள் பொறியின் முன் நிற்கும் அவள் கைகளுக்கே இடர்.

ஷிப்டு மாறும் இல்லத்தார் நாள்தோறும் கூடிப் பேச இயலாது. வார விடுமுறையில் ஒரு வேளை உணவையேனும் கைபேசியின்றி உண்ணலாம். அவ்விதி தந்தைக்கும் பொருந்துதல் வேண்டும். பிள்ளை விளையாடும் ஆட்டம் யாது, உடன் ஆடுவோர் யாவர் என வினவுதல் உளவு பார்ப்பதாக இராமல், அறியும் ஆவலாக இருப்பின் அவன் விடை கூறுவான்.

உறக்கமும் படிப்பும் கெட்டு, பேச்சும் அற்றுப்போனால் மனநல மருத்துவரை நாடுதல் நன்று. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2014-இலேயே இதற்கெனத் தனி மருத்துவப் பிரிவு தொடங்கியது. நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.