களைசுரண்டியும் நுண்புழையும்

முதலாண்டு இயற்பியலில் 'நுண்புழை ஏற்றம்' படித்தோம் அல்லவா? பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததோடு சரி, அதை நான் மறந்தே போனேன். கயத்தாறு பக்கம் எங்கள் கரிசல் காட்டில்தான் அது திரும்ப வந்தது.

புரட்டாசியில் விதைத்த பருத்தி. ஐப்பசியில் இரண்டு மழை பெய்து நின்றுவிட்டது; நிலம் வெடிக்க ஆரம்பித்தது. அப்பா மறுபடி களைசுரண்டி போட ஆள் கூப்பிட்டார். கூலிக்கு இருந்ததோ என் பரீட்சைக் கட்டணப் பணம்.

"களையே இல்லையேப்பா, எதுக்குக் கூலி?" என்றேன்.

"களைக்கு இல்லல. வெடிப்ப மூடணும், இல்லன்னா ஈரம் ஓடிப்போயிரும்."

கோபத்தில் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஏற்ற உயரம் = 2 × பரப்பு இழுவிசை ÷ (அடர்த்தி × ஈர்ப்பு முடுக்கம் × ஆரம்). நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். மண்துளையின் ஆரம் 0.01 மி.மீ. என்றால் நீர் சுமார் 1.5 மீட்டர் ஏறும், 1 மி.மீ. என்றால் 1.5 செ.மீ. தான்! இறுகிய மண்ணின் நுண்துளைகள் அடி ஈரத்தை மேலே இழுத்து வெயிலுக்குக் கொடுக்கின்றன. மேல்மண்ணைக் கொத்திப் பொலபொலப்பாக்கினால் துளை பெரிதாகி அந்த ஏற்றம் அறுந்துவிடும்.

வெடிப்பு இன்னொரு வாசல். கரிசலில் உள்ள மாண்ட்மோரில்லோனைட் களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வெடிப்புக்குள் காற்று புகுந்து பக்கச் சுவரெல்லாம் உலரும். கொத்திய புழுதி அதை அடைக்கிறது.

பணம் பாதிக் காட்டுக்குத்தான் போதுமாயிருந்தது. பத்து நாள் கழித்து இரு பக்கமும் ஒரு முழ ஆழத்தில் ஒரே எடை மண் எடுத்து, உலர்த்தி நிறுத்தேன். கொத்திய பக்கத்து மண்ணே அதிக எடை குறைந்தது. அதாவது அதில்தான் ஈரம் மிகுதி. கார்த்திகை மழை வந்தபோது அந்தப் பாதி நிமிர்ந்து நின்றது. மற்றப் பாதியில் மொக்கு நிறைய உதிர்ந்திருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். இது ஈரத்தைக் காக்குமே தவிர உண்டாக்காது. மழைநீரைத் தேக்கப் பாத்தி வரப்பு வேண்டும். பதமும் முக்கியம்: சேறாக இருக்கையில் கொத்தினால் கட்டியாகும், முழுக்கக் காய்ந்தால் சுரண்டி இறங்காது.

கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1901-இல். அதற்கும் முன்பிருந்தே நம் பாட்டன்மார் கரிசலில் வெள்ளாமை செய்தவர்கள். விடுமுறையில் ஊருக்குப் போனால், "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். விடை நம் பாடப் புத்தகத்திலேயே இருக்கக்கூடும்.

கட்டணத்தை அபராதத்தோடு கட்டினேன். வருத்தமில்லை!