பார்வையற்றவர் நீதி வழங்கலாமா?

தொடக்க நூலின் 27ஆம் அதிகாரத்தில் வரும் ஈசாக்கு கண் மங்கிய முதியவர். ஏசாவின் உடையை அணிந்து வந்த யாக்கோபின் குரலைக் கேட்டவுடனேயே அவருக்குச் சந்தேகம் பிறந்துவிட்டது. ஆயினும் மகனின் கையைத் தடவிப் பார்த்து, ஆட்டுத்தோலின் உரோமத்தை நம்பினார்; ஏமாந்தார். ஏமாற்றியது கை, செவி அல்ல. இதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

பார்வையற்றவரை நீதியாசனத்தில் அமர்த்தலாகாது என்போர் கேட்பதும் இதையொத்ததே. சாட்சியின் முகத்தைப் பாராமல் மெய் பொய்யை அறிவது எங்ஙனம்? பத்திரங்களை வாசிப்பது எங்ஙனம்? தமிழ்நாட்டில் 70 சதவீதம் பார்வை இழந்த ஒருவர் நீதிபதிப் பதவிக்கு விண்ணப்பித்தார். 50 சதவீதத்துக்கு மேற்பட்ட குறைபாடுடையோருக்கு இடமில்லை என்ற விதியை இந்திய உச்ச நீதிமன்றம் 2019இல் சரியென்றே ஏற்றது.

இனி தென்னாபிரிக்காவைப் பார்ப்போம். இந்திய வம்சாவளியினரான சாக் யாக்கூப் 1948இல் பிறந்தவர். 16 மாதக் குழந்தையாயிருக்கையில் மூளைக்காய்ச்சல் அவருடைய பார்வையைப் பறித்தது. டேர்பனில் பார்வையற்றோர் பாடசாலையில் பயின்று, 1973இல் சட்டத்தரணியானார். நிறவெறி ஆட்சியை எதிர்த்தோருக்காக வழக்காடினார். 1998இல் நெல்சன் மண்டேலா அவரை அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு நியமித்தார். 2013 வரை அங்கு பணியாற்றினார். உதவியாளர் வாசிக்கக் கேட்டே வழக்கேடுகளை அறிந்தார். வீடின்றித் தவித்த ஏழைகளின் வழக்கில், மிகவும் இக்கட்டில் இருப்போரை அரசின் வீடமைப்புத் திட்டம் கைவிட்டது தவறென 2000ஆம் ஆண்டில் மன்றம் ஏகமனதாய்த் தீர்த்தது. அத்தீர்ப்பை எழுதியவர் அவரே.

அத்தகைய உயர்ந்த மன்றத்தில் சாட்சிகளின் முகம் பார்க்கும் வேலை அரிதல்லவா என்று சிலர் மடக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 18ஆம் நூற்றாண்டில் இலண்டன் போ வீதியில் நீதவானாயிருந்த ஜோன் பீல்டிங், சாட்சிகளையும் திருடர்களையும் நேரில் விசாரித்தவர். அவரும் பார்வையற்றவரே. வரவிருக்கும் அரசர் கண்ணால் கண்டதைக் கொண்டு தீர்ப்பிடமாட்டார் என்று இசையாஸ் இறைவாக்கினரும் (11:3) சொல்லியிருக்கிறாரே!

2025 மார்ச் 3இல் அதே இந்திய உச்ச நீதிமன்றம், பார்வைக் குறைபாடுடையோரை நீதிச் சேவையிலிருந்து விலக்கிய மத்தியப் பிரதேச விதியை நீக்கியது.

நீதிமன்றங்களைக் குறைகூறுமுன் நம் வீட்டையும் பார்ப்போம். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பில், பீடப்பணியைச் செவ்வனே ஆற்றவியலாத உடற்குறை குருத்துவத்துக்குத் தடையாயிருந்தது. 1983இன் தொகுப்பில் அத்தடை இல்லை. பார்வையற்ற குரு திருப்பலி நிறைவேற்றவும், தேவையானால் இன்னொருவர் அவருக்கு உதவவும் அதன் 930ஆம் சட்டம் இடமளிக்கிறது.